எட்டு மணி வரை பயப்படாதே

முதல் தடவை கிளம்பியபோது அக்காவிடம் நான் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: "ஓடிட்டு சாயங்காலம் வந்துடறேன்." எந்த மலை, எந்தப் பாதை, வண்டியை எங்கே விடப்போகிறேன், சாயங்காலம் என்றால் ஐந்து மணியா ஏழு மணியா, ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடப் போகிறவன்தானே, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வியர்வையோடு வந்து நிற்பான் என்று நினைத்திருப்பாள்.

அன்று நான் ஓட நினைத்தது 52 கிலோமீட்டர் மலைப்பாதை. மொத்த ஏற்றம் 2,300 மீட்டர். தனியாக. மாலை நான்கு மணிக்கு 31-ஆவது கிலோமீட்டரில் ஒரு பாறையின் மேல் உட்கார்ந்திருந்தேன். பையில் கால் லிட்டருக்கும் குறைவான தண்ணீர், ஒரு ஜெல் (ஓடிக்கொண்டே உறிஞ்சுகிற இனிப்புக் கூழ்ப் பொட்டலம்), ஒன்பது சதவீத சார்ஜோடு ஒரு போன். ஹெட்லாம்ப் வீட்டில் மேஜை டிராயரில் இருந்தது. பகலிலேயே முடிந்துவிடும் ஓட்டத்துக்கு விளக்கு எதற்கு என்று வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த எடையை மிச்சம் பிடித்ததில் காலையில் கொஞ்சம் பெருமைகூட.

இனிமேல் ஓடி முடிக்க வழியில்லை என்று மண்டையில் உறைக்க அந்தப் பாறையில் கால் மணி நேரம் ஆனது. பக்கவாட்டில் இறங்கிய ஒரு ஜீப் தடத்தைப் பிடித்து 11 கிலோமீட்டர் நடந்தேன். கடைசி ஒரு மணி நேரம் இருட்டில் காலால் தடவித் தடவி. தார் ரோட்டில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். வீடு வந்து சேர்ந்தபோது இரவு பதினொன்று. அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை.

"போலீஸுக்குப் பேசலாம்னு போனைக் கையில எடுத்தேன்டா. என்னன்னு சொல்றது? ஏதோ ஒரு மலைக்குப் போயிருக்கான்னா?"

அதன்பின் அதே பாதைக்கு இரண்டு முறை போனேன். முதல் தடவைக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் இருந்த தயாரிப்பைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கால்களைத் தயார் செய்வது அதில் பாதிதான். மலையில் எடுக்க வேண்டிய முடிவுகளை வீட்டிலேயே எடுத்துவைத்துக்கொண்டு போவது மீதிப் பாதி. பந்தயம் என்றால் உங்களுக்காக வேறு யாரோ யோசித்துவைத்திருப்பார்கள். இத்தனை மணிக்குள் இந்த இடத்துக்கு வராவிட்டால் நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் எங்கே என்று பலகை இருக்கும், கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் நடந்து வருவார். 1974-இல் கோர்டி ஐன்ஸ்லி கலிஃபோர்னியாவில் 100 மைல் குதிரைப் பந்தயப் பாதையைக் குதிரை இல்லாமல் காலால் ஓடி 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். மலை நெடுந்தூர ஓட்டத்தின் கதையை அங்கிருந்துதான் பலரும் ஆரம்பிப்பார்கள். தனி ஆளாகத்தான் ஓடினார். ஆனால் ஓடியது பந்தயப் பாதை, வழியில் குதிரைகளைச் சோதிக்க நிறுத்தங்கள் இருந்தன, மனிதர்கள் இருந்தார்கள். நாம் தனியாகக் கிளம்பினால் அந்த வேலை அத்தனையும் நம் தலையில். அந்தத் தலையோ ஆறு மணி நேரமாக ஒழுங்காகச் சாப்பிடாத தலை.

நேரக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் முதல் பிழை அங்கேதான். சாலையில் மாரத்தானை நான்கு மணி நேரத்தில் ஓடுவேன். அதை வைத்து, 52 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று போட்டு, மலைக்காக ஒன்றரை மணி நேரம் கூட்டி, ஏழரை மணி நேரம் என்று முடிவு கட்டினேன். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினேன். ஐந்து மணிக்கு முடித்துவிடுவேனாம்.

மலையில் கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது பயனில்லாத வேலை. 1892-இலேயே வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி நடப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லிவிட்டார்: தோராயமாக 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. என் பாதைக்கு அது பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஓடுகிறவர்கள் பயன்படுத்தும் இன்னொரு கணக்கு இன்னும் எளிது. 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கூடுதல் கிலோமீட்டராக வைத்துக்கொள்ள வேண்டும். 52-உம் 23-உம் 75. நான் ஓட வேண்டியிருந்தது 52 அல்ல, 75. பயிற்சி நாட்களில் ஓடிய பாதைகளை எல்லாம் இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஒரு "கிலோமீட்டருக்கு" எட்டரை நிமிடம் வந்தது. அதாவது பத்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏழரை எங்கே, பத்தரை எங்கே! உங்கள் எண் வேறாக இருக்கும். மூன்று நான்கு நீண்ட பயிற்சி ஓட்டங்களிலிருந்து அதை நீங்களே எடுக்க வேண்டும். அடுத்தவர் எண்ணை வாங்கிக்கொண்டு மலையேறாதீர்கள்.

அப்புறம் கால்கள். பதினாறு வாரம் எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் கூட்டுவது, நான்காவது வாரம் குறைப்பது என்று போனது. சனிக்கிழமை நான்கு மணி நேரம் மலையில், ஞாயிற்றுக்கிழமை அதே அசந்த காலோடு இரண்டரை, மூன்று மணி நேரம். ஒரே நாளில் ஏழு மணி நேரம் ஓடினால் அடுத்த பத்து நாள் ஒன்றுக்கும் உதவாமல் கிடப்பேன். இப்படிப் பிரித்தால் உடம்பு தாங்குகிறது, அசந்த காலோடு ஓடுவது எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடுகிறது. பெரும்பாலான ஓட்டம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில்தான். செங்குத்தான ஏற்றத்தில் ஓடக் கூடாது, நடக்க வேண்டும். இதை ஒத்துக்கொள்ளச் சாலையில் ஓடிப் பழகியவர்களுக்குச் சில மாதம் ஆகும். எனக்கு ஆனது. முழங்காலுக்கு மேல் உள்ளங்கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து, சின்னச் சின்ன எட்டாக வேகமாக நடப்பதையும் தனியாகப் பழக வேண்டியிருந்தது.

ஆனால் தொடையை உடைப்பது இறக்கம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. தசை நாரில் நுண்ணிய சேதத்தை அதிகம் உண்டாக்குவது இந்த வேலைதான். மூச்சு வாங்காது, இதயம் அடித்துக்கொள்ளாது, அதனால் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்கும்போது தெரியும். நல்ல செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை இறக்கத்தில் நன்றாக அடிவாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியை மிகக் குறைவாகவே உணர்கிறது. அதனால் பெரிய நாளுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு நீண்ட இறக்கத்தை வேண்டுமென்றே வேகமாக ஓடினேன். மறுநாள் உட்கார்ந்தால் எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் கழித்து அதன் பலன் தெரிந்தது. மலை பக்கத்தில் இல்லாதவர்கள் மாடிப்படியில் இறங்குவதைப் பழகலாம், லிஃப்டில் ஏறி. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் முதல் ஓட்டத்தில் கால் தோற்பதற்கு வெகு முன்பே வயிறு தோற்றுவிட்டது. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து உடம்பு வைத்திருக்கும் மாவுச்சத்துக் கையிருப்பு ஏறக்குறைய 500 கிராம். கிட்டத்தட்ட 2,000 கலோரி. இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்தில் அதன் பெரும்பகுதி காலி. கொழுப்பு எவ்வளவோ இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். ஆக, போகப்போகச் சாப்பிட்டே ஆக வேண்டும். குளுக்கோஸ் மட்டும் சாப்பிட்டால் குடல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் உள்ளே விடாது, ஏனென்றால் அதைக் கடத்தும் வாசல் அவ்வளவுதான். ஃப்ரக்டோஸ் என்ற பழச் சர்க்கரைக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்தால் பழக்கப்பட்ட வயிறு 90 கிராம் வரைகூட ஏற்கும். கலவை ஜெல்களும் பானப் பொடிகளும் இந்தக் கணக்கில்தான் செய்யப்படுகின்றன.

"பழக்கப்பட்ட வயிறு" என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முதல் மாதம் மணிக்கு 30 கிராமில் ஆரம்பித்தேன். அதற்கே வயிறு கடமுட என்றது. மூன்றாவது மாதம் 60-க்கு வந்தேன். அதற்கு மேல் எனக்கு ஏறவில்லை, விட்டுவிட்டேன். ஐந்தாவது மணி நேரத்துக்கு மேல் இன்னொரு சிக்கல்: இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். ஜெல்லின் வாயைக் கிழித்தவுடன் வரும் அந்த வாசனைக்கே தொண்டை மூடிக்கொள்ளும். அதற்காக உப்புப் போட்டு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்குகளை ஒரு பொட்டலத்தில் எடுத்துப் போனேன். நசுங்கிப் போனாலும் சாப்பிடலாம். கைக்கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும்படி வைத்துவிட்டேன். அதிர்ந்தால் வாயில் ஏதாவது போட வேண்டும். பசிக்கிறதா இல்லையா என்ற விசாரணையே கிடையாது. பசிக்க ஆரம்பித்தபின் சாப்பிட்டால் அரை மணி நேரம் பிந்திவிட்டீர்கள்.

இதோடு ஒட்டிய ஒரு சட்டத்தையும் எழுதிவைத்தேன்: மனசு விட்டுப்போனால் முதலில் சாப்பிடு, பதினைந்து நிமிடம் கழித்து யோசி. தனியாக ஓடும்போது ஐந்தாவது ஆறாவது மணியில் ஒரு பள்ளம் வரும். நான் எதற்கு இங்கே வந்தேன், இந்த வயதில் இது தேவையா, வேலையில்கூட நான் சரியில்லை என்றெல்லாம் எங்கெங்கோ போகும். பாதிக்கு மேல் அது தத்துவம் இல்லை, வெறும் பசி. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் "டேய், சாப்பிட்டியா?" என்று கேட்டிருப்பார்.

தண்ணீருக்கு ஒரு சின்னச் சோதனை போதும். ஓடுவதற்கு முன் உடை இல்லாமல் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வியர்வை. வழியில் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த காலையில் எனக்கு 600 மில்லி, வெயிலில் ஒரு லிட்டரைத் தாண்டும். போனதையெல்லாம் திருப்பி ஊற்ற வேண்டும் என்று அர்த்தமில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின் நடுவே எடை கூடியவர்களுக்கே அது அதிகம். மோதிரம் இறுகுகிறது, விரல் வீங்குகிறது, தலைவலி, குமட்டல் என்று வந்தால் இன்னும் தண்ணீர் குடிப்பது தீர்வாகாது. சோதனையைச் செய்ததில் எனக்குக் கிடைத்த பயன் வேறு: எந்தெந்த ஓடையில் நிரப்பியே தீர வேண்டும் என்று வரைபடத்தில் குறிக்க முடிந்தது. 19-ஆவது கிலோமீட்டர், 33-ஆவது கிலோமீட்டர். வடிகட்டி எடுத்துப் போனேன். ஓடை வற்றியிருக்குமா என்று இரண்டு வாரம் முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் தடவை வரைபடத்தில் இருந்த நீலக் கோட்டை நம்பிப் போய்க் காய்ந்த கூழாங்கற்களைப் பார்த்தவன் நான்.

பாதங்களுக்கு ஒரே ஒரு கதை. முதல் ஓட்டத்தில் இடது காலணிக்குள் ஒரு கல் போய்விட்டது. மிளகளவுதான். அடுத்த ஏற்றம் முடிந்ததும் எடுக்கலாம் என்று நினைத்தேன், ஏற்றம் முடிந்தது, இறக்கம் நன்றாக இருந்தது, சரி, கீழே போய் எடுக்கலாம். நாற்பது நிமிடம். கழற்றிப் பார்த்தபோது சுண்டுவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணய அளவில் கொப்புளம், அதன் மேல்தோல் ஏற்கெனவே உரிந்து சாக்ஸோடு ஒட்டியிருந்தது. அதிலிருந்து காலைக் கோணலாக வைத்து ஓடினேன், கோணலாக ஓடியதில் முழங்கால் வலித்தது. இப்போது எங்காவது சூடாக உரசுகிறது என்று தோன்றினால் அந்த நொடியே உட்கார்ந்துவிடுவேன். டேப் ஒட்ட நான்கு நிமிடம் ஆகும். காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் ஏழெட்டு மணி நேரத்தில் பாதம் வீங்கும், இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் முட்டும். நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள், முந்தின இரவு அல்ல.

பையில் என்னென்ன வைப்பது என்று நிறையப் பேர் பெரிய பட்டியல் போடுவார்கள். நான் ஒரே கேள்வி கேட்டுக்கொள்வேன்: கால் பிசகி ஒரு இரவு முழுக்க ஒரே இடத்தில் உட்கார வேண்டி வந்தால் விடியும்வரை தாங்குவேனா? ஓடும்போது உடம்பு ஒரு அடுப்பு. நின்றால் அடுப்பு அணைந்துவிடும், நனைந்த பனியனும் காற்றும் மட்டும் மிஞ்சும். 1,000 மீட்டர் ஏறினால் தோராயமாக ஆறரை டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலைப் பந்தயம் ஒன்றில் 172 பேர் ஓடினார்கள். திடீரென்று ஆலங்கட்டியும் உறைபனி மழையும் சூறைக்காற்றும் வந்ததில் 21 பேர் இறந்துபோனார்கள். காற்றைத் தடுக்கும் சட்டை அங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை. இறந்தவர்களில் நாட்டின் முதல்தர ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். ஆறு பேரைக் காப்பாற்றியது அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், குகைக்குள் கொண்டுபோய்த் தீ மூட்டி. நம் பாதையில் ஆடு மேய்ப்பவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே தொப்பி வைத்த மழைச் சட்டை, ஒரு கனத்த முழுக்கைப் பனியன், கையுறை, பளபளக்கும் அவசரப் போர்வை, டேப், விசில் எல்லாம் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உண்டு. பனியனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள், நனைந்த பனியன் பாரம் மட்டுமே. குளிர் உடம்பைப் பிடிக்க ஆரம்பித்தால் கை தடுமாறும், கால் இடறும், பேச்சு குழறும். தனியாக ஓடுகிறவன் குழறுகிறான் என்பதைக் கேட்க ஆள் இல்லை. அதனால் நான் அவ்வப்போது என் முகவரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். ஜிப்பை ஒரே முயற்சியில் மூட முடியாவிட்டால் உடனே சட்டையை எடுத்துப் போட வேண்டும் என்பதும் எழுதிவைத்த சட்டம்தான். விசிலுக்கு மலைகளில் ஒரு மொழி உண்டு: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டது என்று பொருள்.

ஹெட்லாம்பைப் பற்றி ஒரு விசித்திரமான யோசனை. குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பேட்டரி மாற்றிப் பழகினேன். முதல் முயற்சியில் ஒரு பேட்டரி உருண்டு எங்கோ போய்விட்டது. மூடியின் கொக்கி எந்தப் பக்கம், கூட்டல் முனை எந்தப் பக்கம் என்பது விரலுக்குத் தெரிய ஐந்தாறு தடவை ஆனது. கூட்டல் முனை வரவேண்டிய இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன், தடவினால் தெரியும். அக்கா கதவைத் தட்டி, "உள்ள என்னடா பண்ற?" என்றாள்.

போன் சார்ஜ் முதல் தடவை ஏன் அப்படித் தீர்ந்தது என்பதும் பிறகுதான் புரிந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே தன்னைக் காலி செய்துகொள்ளும். இப்போது ஏறும் முன்பே ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுகிறேன். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்திருந்தால் ஜி.பி.எஸ். அப்படியே வேலை செய்யும். ஒரு சின்ன பவர் பேங்க், அதன் கேபிள் (கேபிளை மறந்துவிட்டுப் பவர் பேங்கைச் சுமந்த நாளும் உண்டு), பிளாஸ்டிக் உறையில் காகித வரைபடம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். என்னிடம் இல்லை, அதனால்தான் அடுத்த விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

அந்தக் காகிதம். ஒரே ஒரு பக்கம், அக்காவுக்காக. வண்டி நிற்கும் இடம், வண்டி எண். பாதையின் படம், எந்தத் திசையில் சுற்றுகிறேன் என்பதற்கு அம்புக்குறி. நான் போட்டிருக்கும் சட்டையின் நிறம், பையின் நிறம். எங்கெங்கே பாதையை விட்டு இறங்க வாய்ப்பு உண்டு. எத்தனை மணிக்கு எங்கே இருப்பேன். அந்தப் பகுதியின் மீட்பு எண். அப்புறம் இரண்டு நேரங்கள். முடிப்பேன் என்று நினைக்கும் நேரம் மாலை 4:30. தேட ஆள் அனுப்ப வேண்டிய நேரம் இரவு 8:00.

இந்த இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று புரிய எனக்கு நாளானது. 4:30 என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் வீட்டில் இருப்பவர் 4:45-க்குக் கவலைப்பட ஆரம்பிப்பார், 5:30-க்கு அழுவார், 6:30-க்கு "வந்துடுவான், அவசரப்பட்டு ஊரைக் கூட்ட வேண்டாம்" என்று தன்னைச் சமாதானம் செய்துகொள்வார், நிஜமாகவே உதவி தேவைப்படும் 8 மணிக்குத் தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் அக்காவிடம் தெளிவாகச் சொன்னேன். "எட்டு மணி வரை பயப்படாதே. எட்டு அடிச்சா யோசிக்காதே, போன் பண்ணிடு. நான் பத்து நிமிஷத்துல வந்துட்டாலும் பரவாயில்லை, திட்டு எனக்குத்தான்." அவள் அதைப் படித்துவிட்டு ஒரே திருத்தம் சொன்னாள். "நடுவுல வழி மாத்தினா?" மாற்ற மாட்டேன் என்றேன். காகிதத்தில் இருக்கும் வழிகளைத் தவிர வேறு எதிலும் இறங்க மாட்டேன். அதுவும் எழுதப்பட்டது.

எனக்கான திரும்பும் நேரமும் அதே காகிதத்தில் இருந்தது. 24-ஆவது கிலோமீட்டரில் ஒரு கணவாய். அதைத் தாண்டிவிட்டால், முதல் தடவை நான் நடந்த அந்த நீண்ட ஜீப் தடத்தைத் தவிர, அடுத்த பதினைந்து கிலோமீட்டருக்கு இறங்க வழியில்லை. காலை 5:30-க்குக் கிளம்பினால் கணக்குப்படி 10:55-க்கு அங்கே இருப்பேன். 11:30-ஐத் தாண்டிவிட்டால் மேலே போகக் கூடாது, ஏனென்றால் மீதிப் பாதையை வேகம் குறைந்தும் வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க அதுதான் கடைசி நேரம்.

இரண்டாவது தடவை கணவாயை எட்டியபோது மணி 11:52. 17-ஆவது கிலோமீட்டரில் ஒரு கிளைப்பாதையைத் தவறவிட்டு 1.2 கிலோமீட்டர் கீழே ஓடியிருந்தேன். நல்ல இறக்கம், கால் பறந்தது, அதனால்தான் சந்தேகம் வரவில்லை. வந்தபின்னும் நூறு மீட்டர் போய்ப் பார்க்கலாம், பாதை சேர்ந்துவிடும் என்று இன்னும் கொஞ்சம் போனேன். ஏறித் திரும்ப, மொத்தம் நாற்பது நிமிடம் போச்சு. இப்போதெல்லாம் ஒவ்வொரு பிரிவிலும் நின்று வரைபடத்தைப் பார்க்கிறேன், கால் நன்றாக ஓடுகிறது என்று தோன்றும்போது இரண்டு முறை பார்க்கிறேன்.

கணவாயில் காற்று இதமாக இருந்தது. கால் நன்றாக இருந்தது. தண்ணீர் இருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. இருபத்திரண்டு நிமிடம்தானே என்று மனசு வக்கீல் போல வாதாடியது: ஹெட்லாம்ப் இருக்கிறது, இறக்கத்தில் ஈடுகட்டிவிடலாம், 11:30 என்பதே நீயாகப் போட்ட எண்தானே. காகிதத்தை எடுத்துப் படித்தேன். பேனாவில் என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்து மேஜையில் உட்கார்ந்து எழுதியது. ஒரு உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுவிட்டுக் குறுக்குவழியில் இறங்கினேன்.

அன்று மழை வரவில்லை, மூடுபனி இறங்கவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை. போயிருந்தால் முடித்திருப்பேன் என்றே இப்போதும் நினைக்கிறேன். வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது கடுப்பாக இருந்தது. ஒரு வாரம் இருந்தது.

மூன்றாவது தடவை, ஐந்து வாரம் கழித்து, கணவாயில் மணி 11:04. மேலே போனேன். 39-ஆவது கிலோமீட்டரில், மதியம் இரண்டு மணி வாக்கில், காய்ந்த இலைகளுக்கு அடியில் இருந்த வேரில் இடது கணுக்கால் மடங்கியது. சத்தம் கேட்டது, மரக்குச்சி ஒடிவது போல. உட்கார்ந்தேன், விரல்களை அசைத்துப் பார்த்தேன், எழுந்து நின்று எடை வைத்துப் பார்த்தேன். வலித்தது, ஆனால் தாங்கியது. காலணியைக் கழற்றாமல் அதன் மேலேயே டேப்பைச் சுற்றினேன், கழற்றினால் வீங்கி மறுபடி போட முடியாது என்ற பயம். இரண்டு நடைக்கோல்களையும் விரித்தேன். கனத்த பனியனை முதலிலேயே போட்டுக்கொண்டேன், ஏனென்றால் இனி நான் ஓடுகிறவன் இல்லை, அடுப்பு அணைந்தவன். 13 கிலோமீட்டர் மீதி.

நடையில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மெதுவாக இருந்தது. கடிகாரம் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்ந்தது, ஏதோ சாப்பிட்டேன். ஆறரைக்கு ஹெட்லாம்பை மாட்டினேன். ஏழு மணிக்கு அது மங்கியது, நின்று, விரலால் அந்தப் புள்ளியைத் தேடி, பேட்டரி மாற்றினேன். ஒன்றும் உருண்டு போகவில்லை. வண்டியை எட்டியபோது மணி 7:34. ஏரோபிளேன் மோடை எடுத்ததும் "வந்துட்டேன். கால் பிசகிடுச்சு, நடக்கறேன், பயப்படாதே" என்று அனுப்பினேன். "சரி. மெதுவா வா" என்று உடனே பதில் வந்தது. அவ்வளவு சாதாரணமாகப் பதில் போட்டதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

வீட்டுக்கு வந்து, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு ஐஸ் ஒத்தடம் கொடுக்கும்போதுதான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஓரத்தில் அக்காவின் கையெழுத்தில் பென்சிலில் நான்கு வரிகள்.

4:30 – வரலை, பரவாயில்லை.
6:15 – இருட்டிடுச்சு. லைட் எடுத்துட்டுப் போயிருக்கான்.
7:20 – போன் சார்ஜ் 100. மீட்பு எண் டயல் பண்ணிப் பார்த்தேன், எடுக்கறாங்க. எட்டுக்குக் கூப்பிடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.
7:36 – வந்துட்டானாம். அவங்களுக்கும் சொல்லிட்டேன்.